கிளையில் சிக்கிய முக்காடு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷேயின் ஓவியங்கள்மீது எனக்கு வெகுகாலம் ஓர் இளக்காரம் இருந்தது. கைவேலையில் குறை சொல்ல முடியாது. பட்டுத் துணியின் மடிப்பில் வெளிச்சம் வழுக்கி ஓடுவதை அவரைப்போல வரைந்தவர்கள் குறைவு. ஆனால் அவருடைய இடையர்களையும் இடைச்சிகளையும் பார்க்கும்போதெல்லாம், பாகில் கூடுதலாக ஒரு நாள் ஊறிவிட்ட ஜாங்கிரியை வாயில் போட்ட மாதிரி இருக்கும். ஆடு மேய்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குதிகாலில் காசு செருகி வைக்கலாம், அவ்வளவு வெடிப்பு இருக்கும். பூஷேயின் இடைச்சிகளுடைய பாதங்களோ அப்போதுதான் பாலில் கழுவி எடுத்தவை. அவர் காலத்திலேயே பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ இதைக் கேட்டுவிட்டார்: இவ்வளவு நேர்த்தியாகவும் ஆடம்பரமாகவும் உடுத்திய இடையர்களை எங்கே கண்டோம்? 1761-ஆம் ஆண்டுக் கண்காட்சியைப் பற்றி எழுதியபோது அவர் சொன்ன இன்னொரு வரி பூஷேயின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. இந்த மனிதரிடம் எல்லாம் இருக்கிறது, உண்மையைத் தவிர.

வேலை நிமித்தம் பாரிசில் இருந்த ஆண்டுகளில் இந்த வரியை நண்பர்களிடம் பலமுறை ஒப்பித்திருக்கிறேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ள வசதியான வரி. அதை இப்போது முன்போல் சரளமாகச் சொல்ல முடியவில்லை. காரணம் ஓர் ஓநாய், ஒரு முக்காடு, எங்கள் பெரியப்பாவின் ஈரிழைத் துண்டு.

பிரான்சின் தூர் நகரத்துக்கு நான் போனது பூஷேக்காக அல்ல, இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் மான்தேன்யாவுக்காக. மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். பக்கத்து நிலையத்தில் இறங்கி, சின்ன ரயிலில் மாறி ஐந்து நிமிடம். பேராலயத்தை ஒட்டிப் பழைய பேராயர் மாளிகை இருக்கிறது; அதுதான் நுண்கலை அருங்காட்சியகம். முற்றத்தில் 1804-இல் நட்ட லெபனான் தேவதாரு, கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கும் அளவுக்குப் படர்ந்து நிற்கிறது. அதற்கு எதிரே ஒரு கொட்டகையில், கண்ணாடிக்குப் பின்னால், பாடம் செய்த யானை. பெயர் ஃபிரிட்ஸ். 1902-இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸோடு வந்து, மிரண்டுவிட்டது என்று இந்த ஊரிலேயே கொல்லப்பட்ட ஆசிய யானை. இவ்வளவு தூரம் வந்து இப்படி நிற்கிறாயே என்று அதனிடம் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மான்தேன்யாவைப் பார்த்த நிறைவோடு பதினெட்டாம் நூற்றாண்டு அறைகளை வேகமாகக் கடக்கும்போது பூஷேயின் இரண்டு எண்ணெய் வண்ண ஓவியங்கள் எதிர்ப்பட்டன. இரண்டும் 1756. ஒன்றில் ஓர் இளம்பெண் ஓடுகிறாள், ஓநாய் துரத்துகிறது. மற்றொன்றில் விழுந்துகிடக்கும் இளைஞனை அவள் அணைத்துக்கொண்டிருக்கிறாள். சில்வியா ஓநாயிடமிருந்து தப்பி ஓடுகிறாள், அமிந்தா சில்வியாவின் கைகளில் உயிர் பெறுகிறான் என்று பெயர்ச்சீட்டுகள் சொல்லின. ஓநாய் துரத்தும்போதுகூட இவளுக்குக் கன்னம் இப்படிச் சிவக்குமா என்று மனத்துக்குள் ஏளனம் செய்துவிட்டு, திதரோவின் வரியையும் ஒருமுறை சொல்லிக்கொண்டு, நகர்ந்துவிட்டேன். இரண்டுக்குமாகச் சேர்த்து இரண்டு நிமிடம் கொடுத்திருப்பேன்.

நாற்பது நிமிடங்கள்

அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். குளிர்காலம். எனக்குக் காலை ஏழு மணி, ஊரில் பதினொன்றரை. பெரியப்பாவின் மகள் அழைத்தாள். “அண்ணா, அப்பா போய்விட்டார் அண்ணா” என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வேறு யாரோ போனை வாங்கி விவரம் சொன்னார்கள். கண்மாய்க்குக் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. படித்துறையில் செருப்பும் துண்டும் கிடந்தன. மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தது. பையன்கள் இறங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள், உடல் இன்னும் கிடைக்கவில்லை.

இவ்வளவுதான் செய்தி. மீதியை எல்லாம் நானே வரைந்துகொண்டேன். பச்சைத் தண்ணீர், பாசி, படியில் வழுக்கும் கால், மேலே எழும் ஒரு கை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால், ஒரு சமையலறையில் காபி ஆறிக்கொண்டிருக்க, நான் பார்க்காத சாவு ஒன்றை நுணுக்கமாகப் பார்த்தேன். எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பெரியப்பா எனக்குச் சைக்கிள் பழக்கியது, தேர்வில் தவறியபோது அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தது எல்லாம் இறந்தகால வினைமுற்றில் நினைவுக்கு வந்தன. மொழி அவ்வளவு சீக்கிரம் ஆளை மாற்றிவிடுகிறது.

நாற்பது நிமிடம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு புகைப்படம் வந்தது. கீழே எழுத்து எதுவும் இல்லை. திண்ணையில் பெரியப்பா. சட்டை இல்லை, கையில் காபி டம்ளர், முகத்தில் கடுங்கோபம். படம் கலங்கலாக இருந்தது. ஓரத்தில் யாருடைய விரலோ விழுந்து பாதியை மறைத்திருந்தது. குளிக்கப் போன இடத்தில் பழைய சிநேகிதர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். பக்கத்து ஊரில் மாடு பார்க்க வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவர் அப்படியே பின்னால் ஏறிவிட்டார். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் ஊரே கூடியிருப்பதைக் கண்டு, “யார் வீட்டுச் சாவு?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை வைத்து எங்கள் குடும்பத்தில் இன்றும் சிரிக்கிறோம். ஆனால் அந்த நாற்பது நிமிடங்கள் எனக்குள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவர் மாட்டின் பல்லைப் பிடித்து வயது பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்கள் எல்லோருக்கும் அவர் இல்லை.

ஏழு ஓநாய்கள்

சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளில் ஒன்றில் இத்தாலியக் கவிஞர் தாஸோவின் ‘அமிந்தா’ பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் கிடைத்தது. சில்வியா என்ற பெயரைப் பின்னட்டையில் பார்த்ததும் தூரில் பார்த்த ஓநாய் நினைவுக்கு வந்து வாங்கினேன். ஆயர் வாழ்க்கையைப் பாடும் கவிதை நாடகம் இது. 1573-இல், இத்தாலியின் ஃபெராரா அரசவைக்காக, 29 வயதில் தாஸோ எழுதியது. போ ஆற்றுத் தீவொன்றில் இருந்த கோடைமாளிகையில் முதலில் நடிக்கப்பட்டது என்பார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஃபெராராவில், மனநிலை சரியில்லை என்று, தாஸோ ஏழு ஆண்டுகள் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தார்.

கதை எளிது. இடையன் அமிந்தாவுக்குச் சில்வியாமேல் தீராத காதல். அவளுக்கு வேட்டைதான் உலகம். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விஷயம் விநோதமாகப் பட்டது. ஐந்து அங்கங்கள் உள்ள நாடகத்தில் காதலனும் காதலியும் ஒரே ஒரு முறைகூட மேடையில் சேர்ந்து வருவதில்லை. முக்கியமானது எதுவுமே நம் கண்முன் நடப்பதில்லை. எல்லாவற்றையும் யாராவது வந்து சொல்கிறார்கள். அரசவைக்காரர்களை இருத்திவைத்து இப்படிச் செவிவழியாகவே ஒரு நாடகத்தை நடத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மூன்றாம் அங்கத்தில் நெரினா ஓடி வருகிறாள். சில்வியாவோடு வேட்டைக்குப் போனவள் அவள். சில்வியா ஓர் ஓநாயை அம்பால் அடித்தாள், அது காட்டுக்குள் ஓடியது, அவளும் பின்னாலேயே போனாள். நான் தாமதமாகப் போய்ப் பார்த்தபோது அவளுடைய ஈட்டி கிடந்தது, கொஞ்சம் தள்ளி அவளுடைய வெள்ளை முக்காடு கிடந்தது, காலையில் நானே அவள் கூந்தலில் சுற்றிவிட்டது. அங்கே ஏழு ஓநாய்கள், சதையில்லாத எலும்புகளைச் சுற்றித் தரையில் சிந்திய இரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தன என்கிறாள். அமிந்தா அந்த முக்காட்டைக் கேட்கிறான், அவள் தர மறுக்கிறாள், வெறுங்கையோடு சாகப் போகிறான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நெரினா பொய் சொல்லவில்லை. முக்காடு உண்மை, எலும்பு உண்மை, இரத்தம் உண்மை, ஓநாய்களைக்கூட எண்ணிச் சொல்கிறாள். படித்துறையில் கிடந்த துண்டும் செருப்பும் உண்மை. கண்மாய் நிறைந்திருந்ததும் உண்மை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன பழமொழி. அதில் துணிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று அதுவரை யோசித்ததில்லை. உடம்பின் வடிவத்தில் மடங்கிக் கிடக்கும் துணியைப் பார்த்தால், உடம்பு எங்கே என்று மனம் கேட்பதில்லை. உடம்பு இல்லை என்று முடிவே கட்டிவிடுகிறது.

நான்காம் அங்கத்தில் சில்வியா உயிரோடு வந்து நிற்கிறாள். அந்த எலும்புகள் ஏதோ ஒரு விலங்கினுடையவை. காயம்பட்ட ஓநாய் அவளை அடையாளம் கண்டு பாய்ந்திருக்கிறது, ஈட்டி எறிந்தாள், குறி தப்பிவிட்டது, திரும்பி ஓடினாள். ஓட்டத்தில் முக்காடு அவிழ்ந்து கிளையில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினாள். அவ்வளவுதான். அவளைக் கண்ட தோழி தாஃப்னே மகிழ்ச்சியில் குதிக்கவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய், இன்னொருவர் இல்லையே என்று அழுகிறாள். நான் உயிரோடு இருப்பது உனக்கு வருத்தமா, என்னை அவ்வளவு வெறுக்கிறாயா என்று சில்வியா கேட்கிறாள். “யார் வீட்டுச் சாவு?” என்ற குரல் எனக்கு அந்த இடத்தில் கேட்டது.

அடுத்து எர்காஸ்தோ வருகிறான், இன்னொரு செய்தியோடும் இன்னொரு துணியோடும். அமிந்தா மலை உச்சியிலிருந்து குதித்துவிட்டான். பிடித்து இழுத்தேன், அவன் இடுப்பில் கட்டியிருந்த பட்டுக் கச்சை மட்டும் அறுந்து என் கையில் வந்துவிட்டது என்கிறான். அதை வாங்கிக்கொண்டு சில்வியா உடலைத் தேடிப் போகிறாள். இந்தச் செய்தியும் பாதிதான். சரிவில் வளர்ந்திருந்த செடிகொடிகளும் முட்புதரும் தாங்கியதில் அவன் பிழைத்துவிட்டான் என்றும், அவள் மேலே விழுந்து அழுத அழுகையில் கண் திறந்தான் என்றும் ஐந்தாம் அங்கத்தில் எல்பினோ வந்து சொல்கிறார். காதலர்கள் மேடைக்கு வருவதே இல்லை. திரை விழுந்துவிடுகிறது. இவ்வளவு தூரம் நம்மைக் கதற வைத்துவிட்டு, சேர்ந்த பிறகாவது ஒருமுறை கண்ணில் காட்டக் கூடாதா என்று தாஸோமேல் எனக்குக் கோபமே வந்தது.

அப்போதுதான் பூஷே என்ன செய்திருக்கிறார் என்பது உறைத்தது. தாஸோ காட்ட மறுத்ததை மட்டும் தேர்ந்தெடுத்து அவர் வரைந்திருக்கிறார். தூரில் இருப்பவை இரண்டு; மொத்தம் நான்கு. 1755-இலும் 1756-இலும் பாந்தியேவ்ர் கோமகனின் பாரிஸ் மாளிகைக்காக வரைந்தவை. தேனீ கொட்டிய தோழி ஃபில்லிஸின் கன்னத்தில் சில்வியா உதடு வைத்து வலி போக்குவது ஒன்று. பாதி மனிதனும் பாதி ஆடுமான காட்டுப் பிறவி மரத்தில் கட்டிப்போட்ட சில்வியாவை அமிந்தா அவிழ்த்துவிடுவது மற்றொன்று. தேனீக் கதையை நாடகத்தில் அமிந்தா சொல்கிறான் (அதற்குப் பிறகு தன் உதட்டிலும் தேனீ கொட்டிவிட்டது என்று நடித்து ஒரு முத்தம் சம்பாதித்ததையும் சேர்த்து). மரத்தில் கட்டிய கதையைத் தோழன் திர்சி சொல்கிறான். ஓநாய்க் கதை சில்வியாவின் வாய்மொழி. கடைசிக் கதை எல்பினோவுடையது. நான்கு ஓவியங்களும் நான்கு சாட்சியங்கள். யாரோ சொல்லக் கேட்டதை, கேட்டபடியே நம்பி, அது நடந்த இடத்துக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறார் ஓவியர்.

பூஷேயும் எதையும் நேரில் பார்த்து வரைந்தவர் அல்லர். இயற்கை மிகவும் பச்சை, வெளிச்சமும் சரியில்லை என்று அவர் அலுத்துக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. 1768-இல் ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் அவரைப் பார்க்கப் போனபோது, பெரிய ஓவியம் ஒன்றை எந்த மாதிரியும் எதிரே இல்லாமல் வரைந்துகொண்டிருந்தாராம். கேட்டதற்கு, இளமையில் மாதிரிகள் தேவைப்பட்டன, விட்டுப் பல வருடமாகிவிட்டது என்றாராம். ரெனால்ட்ஸ் இதை எச்சரிக்கையாகத்தான் மாணவர்களுக்குச் சொன்னார். ஓநாய் துரத்தி ஓடும் பெண்ணை எந்த ஓவியருமே நேரில் பார்க்க முடியாதே, இதற்கு என்ன மாதிரி வைப்பது?

மறுபடியும் தூர்

இரண்டாம் முறை போனது அந்த ஓநாய்க்காகவே. யானைக்கு ஒரு வணக்கம் மட்டும் வைத்துவிட்டு நேரே அந்த அறைக்குப் போனேன். சில்வியா அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தாள். கன்னம் அதே சிவப்பு, தோல் அதே பளபளப்பு. எதுவும் மாறவில்லை. ஆனால் முதல் முறை நான் கேலி செய்த அந்தச் சிவப்பை இப்போது வேறு மாதிரி பார்த்தேன். ஒரு மனுஷி மூச்சிரைக்க ஓடினால் கன்னம் சிவக்கும். இரத்தம் இன்னும் உடம்புக்குள் இருக்கிறது என்பதற்கு அதுதானே அடையாளம்? இந்தக் கணத்தில் காட்டின் மறுபக்கத்தில் நெரினா முக்காட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் அமிந்தா அழப்போகிறான். அங்கே எல்லோருக்கும் இவள் செத்துப்போனவள். இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு மட்டும் உயிரோடு ஓடுகிறாள். அமிந்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஓவியத்தின் முன் நிறுத்தியிருந்தால் அவன் மலை உச்சிக்குப் போயிருக்கமாட்டான்.

திதரோவோடு எனக்கு இதில்தான் பிணக்கு. இடையர்கள் இப்படி உடுத்துவதில்லை என்று அவர் சொன்னதை மறுக்கவில்லை. பாதங்கள் விஷயத்தில் நான் இன்னும் அவர் கட்சிதான். அவர் எழுதியது வேறு ஓவியத்தைப் பற்றி என்பதும் தெரியும். ஆனால் இந்தக் கதையில் நெரினாவின் முக்காடு அத்தனை உண்மைகளோடு பொய் சொல்கிறது. பட்டும் ரோஜா நிறமுமாக அலங்கரித்த பூஷேயின் பெண், அவள் சாகவில்லை என்ற ஒரே ஓர் உண்மையைச் சொல்கிறாள். ஓரத்தில் விரல் மறைத்த அந்தக் கலங்கல் புகைப்படமும் எனக்கு அதைத்தான் செய்தது. அழகில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதை எழுதும்போது பாந்தியேவ்ர் கோமகனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயர் கதைகள் எழுதிய ஃப்ளோரியானை வீட்டில் வைத்து ஆதரித்த மனிதர். 1786-இல் அம்புவாஸ் அருகே ஷாந்தலூ மாளிகையையும் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அங்கிருந்து பறிமுதலான ஓவியங்கள்தாம் தூரில் இருக்கும் இரண்டும். ஷாந்தலூ மாளிகையை 1823-இல் இடித்துவிட்டார்கள். சீனக் கோபுரம் ஒன்று மட்டும் ஏரிக்கரையில் தனியாக நிற்கிறது. கோமகனின் மருமகள் லாம்பால் இளவரசி, அரசி மரி அந்துவானெத்தின் நெருங்கிய தோழி. மகன் 1768-இலேயே இறந்த பிறகும் அவர் மகளைப்போல் வைத்திருந்த பெண். 1792 செப்டம்பர் 3 அன்று பாரிஸ் சிறை வாசலில் கூட்டம் அவளை வெட்டிக் கொன்றது. அடுத்த மார்ச்சில் கோமகனும் நோர்மாந்தியில் தம் மாளிகையில் இறந்துபோனார். அவருக்கு வந்த செய்தியை மறுத்துச் சொல்ல ஓர் எல்பினோ வரவில்லை.

மற்ற இரண்டு ஓவியங்கள் பாரிசிலேயே, அதே பழைய மாளிகையில் இருக்கின்றன. அது 1808-இல் பிரான்ஸ் வங்கிக்கு விற்கப்பட்டது. இன்றும் வங்கியின் தலைமையகம் அதுதான். மானம் என்ற கட்டு இல்லாத, மனத்துக்குப் பிடித்ததே முறை என்றிருந்த பொற்காலத்தை நினைத்து ஏங்கும் குழுப்பாடல் ஒன்று தாஸோவின் முதல் அங்க முடிவில் வருகிறது. அந்தக் கதையின் முத்தமும் கட்டவிழ்ப்பும் இப்போது மாட்டியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் நாட்டின் தங்கக் கையிருப்பு கிடக்கிறது. செப்டம்பரில் மரபுத் தினங்களின்போது மட்டும் மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் காவலரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன்.

தூரில் அன்று இரண்டாவது ஓவியத்தின் முன்தான் அதிக நேரம் நின்றேன். அவள் அணைத்திருக்கிறாள், அவனுக்கு உயிர் வந்துகொண்டிருக்கிறது. எர்காஸ்தோ கொடுத்த அறுந்த கச்சை அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எல்பினோ சொல்லவில்லை. முக்காடு என்ன ஆனது என்றும் யாரும் சொல்லவில்லை. நாடகத்தில் ஆள் கிடைத்துவிட்டால் துணியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது தங்கை சொன்னாள். துண்டு வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து பெரியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாராம். பெரியப்பா வந்து நின்றதும், “இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள்?” என்று ஊர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். மறுநாள் காலை கண்மாய்க்குக் கிளம்பிய பெரியப்பா கொடியில் துழாவிவிட்டு, “என் துண்டு எங்கே?” என்று கேட்டிருக்கிறார். அடுப்படியிலிருந்து பெரியம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அது கிடைக்காது. கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றாராம்.